சங்கத்தின் வாக்கும் தொழிலாளியின் வாக்கும்



மொழி வளர்ச்சிக்கென அமைந்த ஓர் அவையில் தொழிற்சங்கத்தையும் தேர்தலையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். அவ்வையத்தைத் தீர்க்க ஒரு சொல்லையே துணைக்கு அழைக்கிறேன். தமிழில் 'வாக்கு' என்றால் வாயிலிருந்து பிறக்கும் சொல், கொடுத்த உறுதிமொழி, தேர்தல் நாளில் சீட்டில் இடும் குறி. 'வாக்களித்தான்' என்று ஒருவர் எழுதினால், அவன் உறுதி கூறினானா, ஓட்டுப் போட்டானா என்பதை முன்பின் பார்த்தே பொருள்கொள்ள வேண்டும். சொல், உறுதி, ஓட்டு ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

ஒரு தொழிற்சங்கம் தேர்தல் காலத்தில், "எங்கள் உறுப்பினர்களின் வாக்கு இன்ன கட்சிக்கே" என்று அறிக்கை விடுகிறது. அவ்விடத்தில் வாக்கு என்பது யாருடையது? சங்கத் தலைவரின் சொல்லா, தொழிலாளியின் ஓட்டா? முன்னதைத் தலைவர் தரலாம். பின்னதைத் தர அவருக்கு உரிமை உண்டா? இவ்வுரையின் பொருள் இதுவே. இதனைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை நடுவில் வைத்துப் பார்க்க விழைகிறேன்.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள இம்மேட்டு நிலத்துக்கு, 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர் வாய்த்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காட்டை வெட்டி, சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து கிள்ளி, ஆலையில் வாட்டி உலர்த்திய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்னும் ஊர்ப் பெயர்களோடு நம்மவரின் மூன்று நான்கு தலைமுறை வாழ்வு பின்னிக் கிடக்கிறது.

தோட்டம் என்பது வேலையிடம் மட்டுமாக இருந்ததில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குரியது, மருந்தகம் தோட்டத்துக்குரியது, கோயிலும் கடையும் தோட்ட நிலத்தில் நின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டம் அவர்களுக்குப் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. பெரும்பாலான தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் வேர் அவ்விதியில் இருக்கிறது. ஆகவே வேலை போனால் வீடும் போகும். பிள்ளையின் பள்ளியும் போகும். துரை, கிராணி, கங்காணி, மண்டோர் என்ற படிக்கட்டின் கீழ்ப்படியில் நின்ற ஒருவர் தம் அரசியல் கருத்தைத் தனியாக எழுந்து சொல்வது எளிதன்று. அவருக்காகச் சொல்ல ஒரு சங்கம் தேவைப்பட்டது. சங்கத்தின் சொல்லுக்குத் தோட்டப்புறத்தில் அத்துணை எடை ஏற்பட்ட காரணம் இதுதான். அந்த எடையை உணராமல், சங்கங்கள் அரசியல் பேசியதே தவறு என்று கூறுவது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது.

இனி அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

போருக்குப் பிந்தைய மலாயாவில் தொழிற்சங்க இயக்கம் வேகமாக வளர்ந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர் தமிழரான எஸ். ஏ. கணபதி. 1948இல் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சாராத சங்கங்கள் கூட்டமைப்பாக இணைவது தடுக்கப்பட்டது; குறிப்பிட்ட தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இல்லாதவர் சங்கப் பொறுப்பேற்க இயலாதென்று விதி வந்தது. சம்மேளனம் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1949 மே 4ஆம் நாள் கணபதி தூக்கிலிடப்பட்டார். சங்கமும் அரசியலும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அது ஒரு தலைமுறையின் நெஞ்சில் பதிந்த அச்சமாயிற்று.

அவ்வச்சத்தின் நிழலில்தான் அடுத்த இயக்கம் எழுந்தது. 1954இல் ஐந்து சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன் நீண்ட காலப் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன், பின்னர் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராகவும் உயர்ந்தார். கூலி ஒப்பந்தம், போனஸ், குடியிருப்பு ஆகியவற்றை முதலாளிமார் சங்கத்தோடு மேசையில் அமர்ந்து பேசித் தீர்ப்பதே அச்சங்கத்தின் வழியாக இருந்தது. அது கட்சியாக மாறவில்லை. 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் சங்கப் பணம் கட்சி அரசியலுக்குச் செல்லாதவாறு வேலியிட்டது.

பணத்துக்கு வேலியிடலாம், மனிதருக்கு வேலியிடுவது கடினம். மாதச் சந்தாவைத் தோட்டச் சங்கத்துக்கும், ஆண்டுச் சந்தாவை ம.இ.கா. கிளைக்கும் கட்டிய தொழிலாளர் பலர். சங்கக் கிளையின் செயலாளரும் கட்சிக் கிளையின் பொறுப்பாளரும் கோயில் திருவிழாவில் ஒரே மேடையில் அமர்ந்தனர். எழுதிய அறிக்கை எதுவும் இல்லாமலேயே ஆதரவு அறிவிக்கப்பட்டுவிடும். யார் எந்தக் காரில் வந்து இறங்கினார், மாலை யாருக்கு முதலில் விழுந்தது என்பதைக் கொண்டே தொழிலாளி செய்தியைப் புரிந்துகொண்டார்.

வாக்குரிமையோ இவர்களுக்குத் தாமதமாகவே கிடைத்தது. 1955ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியரின் பங்கு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு இல்லை. 1957க்குப் பிறகே குடியுரிமைக் கதவு அகலத் திறந்தது. அப்போதும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாமல், பிறப்புச் சான்று இல்லாமல் வெளியே நின்றவர் பலர். 1969க்குப் பிறகு, குடியுரிமை பெறாதவர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டுமென்ற விதி இறுகியபோது, ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது யாருக்கு ஓட்டளிப்பது என்ற அறிவுரையா, ஓட்டளிக்கும் தகுதியைப் பெற்றுத் தரும் உதவியா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேமரன் மலைக்குத் திரும்புவோம். 2004ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் கேமரன் மலை தனி நாடாளுமன்றத் தொகுதியாக இருந்து வருகிறது. மலாய்க்காரர், சீனர், ஓராங் அஸ்லி பூர்வகுடியினர், இந்தியர் ஆகிய நால்வரும் வாழும் தொகுதி. 2019ஆம் ஆண்டு நிலவரப்படி வாக்காளரில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இந்தியர். தேசிய முன்னணி இத்தொகுதியைப் பல காலம் ம.இ.கா.வுக்கு ஒதுக்கியது. 2013இல் வெற்றி வேறுபாடு 462 வாக்குகள். 2018இல் 597 வாக்குகள். இவ்வளவு சிறிய வேறுபாட்டில் ஒரு தோட்டத்து லயத்தின் முடிவு ஓர் உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பவோ தடுக்கவோ போதுமானது. அத்தகைய இடத்தில் சங்கத் தலைவரின் ஒரு சொல்லுக்கு என்ன விலை மதிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2018 தேர்தல் முடிவு நிலைக்கவில்லை. பூர்வகுடிக் கிராமத் தலைவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்னும் வழக்கில், அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம் அம்முடிவைச் செல்லாததாக்கியது. 2019 ஜனவரி 26ஆம் நாள் நடந்த இடைத் தேர்தலில் ம.இ.கா. விலகி நிற்க, தேசிய முன்னணியின் சார்பில் ரம்லி முகமட் நோர் போட்டியிட்டு 3,238 வாக்கு வேறுபாட்டில் வென்றார். மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி அவர்.

இந்த வழக்கு நம் தலைப்போடு நெருங்கியது. கிராமத் தலைவர் ஒருவரைக் கையில் போட்டுக்கொண்டால் கிராமமே வந்துவிடும் என்ற கணக்குத்தான் அதன் அடியில் இருந்தது. தலைவரின் வாயும் மக்களின் கையும் ஒன்றே என்று நம்பும் கணக்கு அது. தோட்டத்தில் கிளைச் செயலாளரை நோக்கி வீசப்படும் வலையும் அதே நூலால் பின்னப்பட்டதே. பணம் கைமாறினால் அது குற்றம், நீதிமன்றம் தண்டிக்கும். பணம் கைமாறாமல், பதவி, பட்டம், நிலம் என்ற நம்பிக்கை மட்டும் கைமாறினாலும் அதைத் தடுக்க உறுப்பினரின் விழிப்பே முதற்காவல்.

இக்கணக்கு எப்போதும் பலிப்பதில்லை என்பதற்கு இலங்கை மலையகம் சான்று. அங்கே சங்கமும் கட்சியும் ஒன்றாகவே வளர்ந்தன. 1939இல் தொடங்கிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. 1947 தேர்தலில் அது நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பியது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். தோட்டத் தொழிலாளரின் வாக்குப் பலத்தைக் கண்டு அஞ்சிய அரசு, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் அவர்களின் வாக்கைப் பறித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1977இல் தொண்டமான் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அமைச்சரானார். குடியுரிமைச் சிக்கல் படிப்படியாகத் தீர்ந்ததில் அச்சங்கத்தின் பேரம் பேசும் ஆற்றலுக்கு முக்கியப் பங்கு உண்டு. சங்கம் அரசியலில் இறங்கியதால் விளைந்த நன்மை இது, இதனை மறைக்கலாகாது.

ஆனால் அதே மலையகத்தில் 2015 அதிபர் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்த ராஜபக்சவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களித்தது. 2019இல் அது கோத்தபாய ராஜபக்சவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்தின் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் சஜித் பிரேமதாசவுக்கு விழுந்தன. அம்மாவட்ட வாக்காளர் அனைவரும் தோட்டத் தொழிலாளர் அல்லர். மற்றொரு கூட்டணியில் இருந்த மலையகக் கட்சிகள் எதிர்த்தரப்பை ஆதரித்தன என்பதும் உண்மை. எனினும், நெடுங்காலம் மலையகத்தின் பெருஞ்சங்கமாக விளங்கிய ஒன்று இருமுறை ஒரு திசையைச் சுட்ட, மாவட்டம் இருமுறையும் மறுதிசையில் நடந்தது. தொழிலாளி சந்தா கட்டினார். கூலிப் பேச்சுக்குச் சங்கத்தை நம்பினார். ஓட்டை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

கேரளத்தின் மூணாறு இன்னும் கூர்மையான பாடத்தைத் தருகிறது. 2015 செப்டம்பரில் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து கிள்ளும் பெண்கள், பெரும்பாலும் தமிழர், இருபது விழுக்காடு போனஸ் கேட்டு வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தனர். அவர்கள் முதலில் விலக்கி நிறுத்தியது நிர்வாகத்தை மட்டுமன்று. பெருங்கட்சிகளைச் சார்ந்த தங்கள் சங்கத் தலைவர்களையும் போராட்டக் களத்துக்குள் விடவில்லை. 'பெண்கள் ஒற்றுமை' என்ற பொருளில் 'பொம்பிளை ஒருமை' என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். ஒன்பது நாளில் கோரிக்கை நிறைவேறியது. கொழுந்து கிள்ளுவோர் பெண்கள். சங்கத் தலைவர்கள் ஆண்கள். தலைவரின் கண் கட்சியின் மேலும், பெண்ணின் கண் கூடையின் எடை மேலும் இருந்தன. அவ்விடைவெளிதான் அன்று சாலைக்கு வந்தது. அவ்வமைப்பு பின்னர் பிளவுபட்டு வலுவிழந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சங்கத்தை விலக்குவது ஒரு வெற்றியைத் தரும். நிலையான அமைப்பைத் தருவது வேறு வேலை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "சங்கம் அரசியலே பேசக் கூடாது என்கிறீரா?" அப்படிக் கூறவில்லை. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013ஆம் ஆண்டு ஜனவரியில் நடப்புக்கு வந்தது; தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. இதனை எந்த ஒரு தோட்ட ஒப்பந்தமும் நாடு முழுவதுக்கும் தந்திருக்க இயலாது, சட்டம்தான் தந்தது. சட்டம் நாடாளுமன்றத்தில் பிறக்கிறது. நாடாளுமன்றத்தை மறந்த சங்கம், கிணற்றை மறந்து குடத்தை மட்டும் துலக்குவது போன்றது.

ஆகவே கேள்வி, அரசியல் வேண்டுமா என்பதன்று. உறுப்பினரைக் கேட்டுச் செய்யும் அரசியலா, கேட்காமல் செய்யும் அரசியலா என்பதே. உலகம் இதற்குச் சில வழிகளைக் கண்டிருக்கிறது. பிரிட்டனில் 1909இல், சங்கப் பணத்தைக் கட்சிக்குச் செலவிடலாகாதென்று மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் நடுவழியை வகுத்தது: உறுப்பினர் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டால் தனி அரசியல் நிதி வைக்கலாம், அதில் சேர விரும்பாத உறுப்பினர் விலகி நிற்கலாம், விலகியதால் அவருடைய மற்ற உரிமைகள் குறையா. நூறாண்டுக்குப் பின், 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில், லாரி ஓட்டுநர்களைப் பெருமளவில் கொண்ட டீம்ஸ்டர்ஸ் சங்கம் தன் உறுப்பினரிடம் கருத்துக் கேட்டு, அதன் முடிவை வெளியிட்டு, எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என அறிவித்தது. தலைமை ஒருபுறமும் உறுப்பினர் மறுபுறமும் நிற்கும் நிலையில், மௌனமும் ஒரு நேர்மையான விடையாகலாம் என்பதை அது காட்டியது.

இதுவரை சொன்னவை அனைத்தும் வாக்குள்ள தொழிலாளியைப் பற்றியவை. இன்றைய கேமரன் மலை இதைவிடக் கடினமான கேள்வியை நம் முன் வைக்கிறது. முன்னாளில் தமிழ்ப் பெண்கள் கூடையோடு நின்ற சரிவுகளில் இன்று வெட்டுக் கத்தரியும் இருவர் தாங்கிச் செல்லும் கொழுந்து வெட்டும் பொறியும் இயங்குகின்றன. அவற்றை இயக்குவோரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம்மவரின் பிள்ளைகள் பட்டணத்துக்குச் சென்றுவிட்டனர். காய்கறித் தோட்டம், விடுதி, அரசு அலுவலகம் என வேறு வேலைகளுக்கு நகர்ந்துவிட்டனர். தேயிலையைப் பறிப்பவருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு உள்ள பழைய தொழிலாளியின் குடும்பமோ பெரும்பாலும் தேயிலை பறிப்பதில்லை.

இந்நிலையில் ஒரு தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒரு கட்சியை ஆதரிப்பதாக அறிவித்தால், அது யாருடைய குரல்? அயல்நாட்டுத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராவதை நம் சட்டம் தடுத்ததில்லை. சங்கப் பொறுப்புக்கு வருவதையே கட்டுப்படுத்தியது. அவர் சந்தா கட்டலாம்; தேர்தலில் அவருக்கு எடை இல்லை. தேர்தல் கணக்கை மட்டும் பார்க்கும் தலைவர், வாக்குள்ள சிலரின் வீட்டுமனைக் கோரிக்கையை முன்வைத்து, வாக்கில்லாத பலரின் கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைப் பின்னே தள்ளிவிடக்கூடும். ஓய்வுபெற்ற தமிழ்த் தொழிலாளிக்கு வீடு வேண்டும் என்பது நீதியான கோரிக்கை. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் சங்கத்தின் அளவுகோல் உழைப்பாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலாக இருக்கலாகாது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அயல்நாட்டுத் தொழிலாளியையும் உள்ளடக்கியது என்பதை நினைவில் கொள்வோம். ஓட்டில்லாதவருக்கும் பயன் தரும் அரசியல் இயலும் என்பதற்கு அதுவே சான்று.

இதில் நமக்கு ஒரு தனிக் கடமை உண்டு. 1955இல் நம் பாட்டனாரும் பாட்டியாரும் இதே நிலையில் நின்றவர்கள்: தோட்டத்தில் உழைப்பு உண்டு, பட்டியலில் பெயர் இல்லை. அன்று அவர்களுக்காகப் பேசியவர்கள், ஓட்டுக் கிடைக்கும் என்று எண்ணிப் பேசவில்லை. அந்தக் கடனை நாம் திருப்பிச் செலுத்த வேண்டிய இடம் இன்றைய தேயிலைச் சரிவுதான்.

முடிவாக, ஒரு சங்கம் ஆதரவு அறிவிக்கும்போது உறுப்பினரும் பொதுமக்களும் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, உறுப்பினரைக் கேட்டீர்களா? கூட்டம் கூட்டி, அவரவர் அறிந்த மொழியில் விளக்கி, மறைவாக்கெடுப்பு நடத்தினீர்களா? இரண்டாவது, அந்த ஆதரவுக்கு ஈடாகத் தொழிலாளருக்கு எழுத்தில் கிடைத்த உறுதி எது? மூன்றாவது, தலைவருக்குத் தனியாகக் கிடைத்தது ஏதேனும் உண்டா? நான்காவது, ஓட்டில்லாத உறுப்பினருக்கு இதனால் என்ன பயன்? இந்நான்குக்கும் விடை தரும் அறிக்கையை மதிப்போம். விடை தராத அறிக்கையை, தலைவர் ஒருவரின் சொந்தக் கருத்து என்று மட்டும் கொள்வோம். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

ஆசிரியப் பெருமக்களே, இக்கேள்விகளை மாணவரிடம் கொண்டுசெல்லும் பொறுப்பு உங்களுடையது. தோட்டத்துப் பெரியவர்கள் பிறர் வாசித்துக் காட்டிய செய்தியைக் கேட்டே முடிவெடுத்தார்கள். உங்கள் மாணவருக்கு அந்நிலை இல்லை. ஓர் அறிக்கையை வகுப்பில் படிக்கச் செய்து, அதன் எழுவாய் யார், 'நாங்கள்' என்ற சொல் யார் யாரைக் குறிக்கிறது என்று கேளுங்கள். இலக்கணப் பாடமே குடிமைப் பாடமாகிவிடும்.

மாணவச் செல்வங்களே, 2021 டிசம்பர் முதல் இந்நாட்டில் பதினெட்டு வயது நிரம்பிய குடிமகன் தாமாகவே வாக்காளராகிறார். உங்கள் பாட்டனார் பல்லாண்டு காத்திருந்து பெற்ற ஒன்று உங்களைத் தேடி வருகிறது. சங்கத்தில் சேருங்கள், சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். உழைப்பின் விலையைப் பேசுவதற்கு உங்கள் வாக்கைச் சங்கத்துக்குக் கொடுங்கள். சாவடித் திரைக்குப் பின் குறியிடும் வாக்கை மட்டும், எவர் கேட்பினும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.